பட்டாளத்து லாரியும் பட்டறைத் தேர்வும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவர் ஒருவர்)

முன்னுரை:

சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதத் தெரியாத எனக்கு ஒரு லாரிதான் நினைவுக்கு வந்தது. பழைய ராணுவ லாரியைச் சீர்செய்யப் பட்டறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். "நமக்கு எதுக்குடா பட்டாளத்து லாரி?" என்று கேட்டுவிடாதீர்கள். நாளை நம்மில் பலர் நிற்கப் போவது பட்டறையில்தான். நம்மை நம்பி வண்டியை விடுகிறவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது நமக்கும் பாடம்தான்.

வண்டியைப் பற்றி:

நம் நாட்டு ராணுவத்தில் பல்லாண்டு காலம் உழைத்தது 'சக்திமான்' லாரி. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமம் பெற்று 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் உற்பத்தியானது. நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டி. பிறகு அதன் இடத்துக்கு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. ஜபல்பூரிலேயே 1969 முதல் 1999 வரை தயாரான 'ஜோங்கா'வும் ராணுவ வண்டிதான். பணி முடிந்த வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஆசைப்பட்டவர்கள் எடுக்கிறார்கள்.

நான் செய்த தவறு:

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா கூலிக்குத் தறி நெய்கிறார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே 1971-ஆம் ஆண்டு சக்திமான் ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரர் ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் ஓட்டிய மாதிரி வண்டியையே ஏலத்தில் எடுத்து, பழையபடி ஆக்க வேண்டும் என்று விட்டிருந்தார்.

ஒரு நாள் மேஸ்திரி, ஸ்டெப்னி தாங்கியைப் பொருத்த சேஸிஸின் கீழ் ஃபிளாஞ்சில் இரண்டு ஓட்டை போடச் சொன்னார். வளையும்போது நடு அச்சிலிருந்து தூரத்தில் இருக்கும் ஃபிளாஞ்சில்தான் தகைவு அதிகம், அங்கே ஓட்டை போடக் கூடாது, நடுவில் உள்ள வெப்பில்தான் போட வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் நான் யார் என்ற எண்ணம். ஓட்டையைப் போட்டேன். மாலையில் சொந்தக்காரர் வந்து, "தம்பி, நீ படிக்கிற புள்ள. வேலை சரியா நடக்குதா?" என்று கேட்டார். "சரியாத்தான் நடக்குது ஐயா" என்றேன்.

சில மாதங்களில் வேலை நின்றுபோய், அவர் வண்டியைச் சென்னைப் பக்கம் வேறொரு பட்டறைக்கு மாற்றினார். எந்தப் பாகம் எங்கே கழற்றியது என்று எனக்குத் தெரியும் என்பதால் என்னையும் அழைத்துப் போனார். அங்கிருந்த மெக்கானிக் சேஸிஸைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்தார். யாரோ எப்போதோ ஃபிளாஞ்சில் போட்ட ஒரு பழைய ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. விரிசல்! அதற்குப் பக்கத்திலேயே என் இரண்டு ஓட்டைகள். "அந்த ரெண்டும் நான் போட்டது ஐயா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

அன்று முதல் நான் குறித்து வைத்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1. முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது: பழையபடி மீட்கப் போகிறோமா, மாற்றி அமைக்கப் போகிறோமா? இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு சட்டம். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் சொந்த உபயோக இருசக்கர வண்டியையோ காரையோ (லாரி இதில் சேராது) 'வி.ஏ.' வரிசையில் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. வேறு எஞ்சின், வேறு பாடி என்று மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. "ஆர்.டி.ஓ. ஆபீஸை நாங்க பாத்துக்கிறோம் சார்" என்று சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள்.

2. காகிதம் பார்த்தார்களா? ராணுவ ஏல வண்டியைப் பதிய, உரிய அதிகாரி கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்று வேண்டும். நல்ல பட்டறை வண்டியைத் தொடும் முன் அதைக் கேட்கும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் போட்டோ எடுத்து வைக்கும். அந்த எண்கள் மேல் கிரைண்டர் பட விடாது.

3. ஸ்பானர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சக்திமானுக்கு மில்லிமீட்டர் அளவு. உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப்புக்கு அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பானரை மாட்டித் திருகினால் போல்ட் தலை உருண்டு போகும். மின்சாரமும் அப்படியே. அந்த வில்லிஸ் ஜீப்புக்கு 6 வோல்ட். பிற்கால ராணுவ வண்டிகள் பலவற்றுக்கு 24 வோல்ட். இந்த வித்தியாசம் தெரியாத இடத்தில் வண்டியை விடக் கூடாது.

4. நான்கு சக்கர இழுவை தெரியுமா? சாதாரண லாரியில் முன் அச்சு வண்டியைத் தாங்கும், திரும்பும், அவ்வளவுதான். இதில் முன் அச்சும் இழுக்கும். டிரான்ஸ்பர் கேஸ் உண்டு. திரும்பிக்கொண்டே சுழல வேண்டிய மூட்டுகள் உண்டு. இதற்கு முன் இப்படி ஒரு வண்டியைப் பிரித்து மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த வண்டிக்காரரிடமும் பேசுங்கள்.

5. ஆள் பாதுகாப்பு எப்படி? இவ்வகை வண்டிகள் பலவற்றின் வீல் ரிம் பல துண்டுகளால் ஆனது. காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் ஆளையே கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதும் பட்டறை, வேலையாட்களின் நுரையீரலோடு விளையாடுகிறது.

6. கணக்கு எப்படி? மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். சேஸிஸ், எஞ்சின், பிரேக், பாடி என்று கட்டம் கட்டமாக எழுதி வாங்கி, முடிந்த வேலையைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். கழற்றிய பாகங்களைச் சீட்டுக் கட்டிப் பையில் போட்டு வைக்கிறார்களா, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருகிறார்களா என்று பாருங்கள். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும் பாகம் எது, லேத்தில் கடைந்தே ஆக வேண்டியது எது என்று முன்கூட்டியே சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர்.

7. கடைசியாக, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. தறியிலிருந்து அறுத்து வைத்திருந்த சேலையைத் திருப்பிக் காட்டி, "முன்பக்கத்த யாரு வேணா பளபளன்னு காட்டுவான். கோர்வை எப்படி விழுந்திருக்குன்னு பின்பக்கந்தான்டா சொல்லும்" என்றார். லாரிக்கும் அதே கதைதான். பச்சைப் பெயின்ட் எல்லோரும் அடிப்பார்கள். ரிவெட் இருந்த இடத்தில் கண்ட போல்ட்டும் போட்டிருக்கிறார்களா, சேஸிஸில் கேஸ் கட்டிங் தழும்பு இருக்கிறதா, ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று அடியில்தான் தெரியும்.

முடிவுரை:

அந்த இரண்டு ஓட்டைகளையும் விரிசலையும் சரிசெய்ய அந்தப் பெரியவருக்குக் கூடுதலாக 18,000 ரூபாய் ஆனது. என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. இப்போதும் விடுமுறையில் அந்த லாரி வேலைக்குப் போகிறேன், கூலி வாங்குவதில்லை.

நண்பர்களே, பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஏழு கேள்வி சொன்னேன். எட்டாவதாக ஒன்று உண்டு: "இங்கே வேலை கத்துக்கிற பையன் தப்பைத் தப்புன்னு சொன்னா, மேஸ்திரி காது கொடுத்துக் கேட்பாரா?" அப்படிப்பட்ட பட்டறையில் தாராளமாக வண்டியை விடலாம். நாம் பட்டறை வைத்தால் அப்படி வைப்போம். அதுவரை, தெரிந்ததைப் பணிவாகவாவது வாய் திறந்து சொல்லப் பழகுவோம். டிப்ளமோ படிப்பது அதற்குத்தானே!