பழைய கணக்கை இடம் மாற்றும் முன் பிரதி எடுப்போம்

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கப் போகும் எவரும் ஒன்றைக் கவனித்திருக்கலாம். காலையில் கரையேறிய மீன் பலகையின் மேல், வாங்குபவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும். மற்றது ஐஸ் பெட்டிக்குள் இருக்கும். நம் மளிகைக் கடைகளிலும் இதே முறைதான். அன்றாடச் சிட்டை கல்லாப்பெட்டி அருகில், நடப்பு ஆண்டுப் பேரேடு அலமாரியில், பழைய ஆண்டுகள் பரண் மேல் டிரங்குப் பெட்டியில்.

கம்ப்யூட்டரிலும் இப்படிச் செய்கிறார்கள். அடிக்கடி வேண்டிய கோப்புகள் வேகமான, விலை கூடிய சாதனத்தில் இருக்கும். எப்போதாவது வேண்டியவை மெதுவான, விலை குறைந்த ஹார்ட் டிஸ்கிலோ நாடாவிலோ இருக்கும். இதற்குப் படிநிலைச் சேமிப்பு என்று பெயர். நம் கடைக் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்ததும் பழைய ஆண்டுக் கணக்கை வெளி ஹார்ட் டிஸ்குக்கு அனுப்புகிறோமே, அதுவும் இதன் சிறு வடிவந்தான்.

இங்கேதான் ஒரு பிழை நேர்கிறது. பலகையிலிருந்து பெட்டிக்குப் போன மீன் பலகையில் இராது. அதேபோல், இடம் மாற்றிய கணக்கு பழைய இடத்தில் இராது. இடமாற்றம் வேறு, காப்புப் பிரதி வேறு. முன்னது இடத்தை மிச்சப்படுத்தும். பின்னது கணக்கைக் காப்பாற்றும். இரண்டையும் ஒன்றென்று எண்ணினால் என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

ஒரு மளிகைக் கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களில் பலர் கடலுக்குப் போகும் குடும்பத்தினர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் பற்று ஏறும். பாடு நன்றாக இருந்தால் வரவு வரும். முதலாளி ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்ப்யூட்டர் முழுவதையும் 'அ' என்ற ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கிறார். அதில் கடைசி நான்கு வாரப் பிரதிகள் மட்டும் இருக்கும். ஐந்தாவது வந்தால் முதலாவது அழியும். ஏப்ரல் மாதம் 2021-22 ஆண்டுக் கணக்கை 'ஆ' என்ற டிஸ்குக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுகிறார்.

முதல் சில வாரம் அந்தக் கணக்கு 'அ'விலும் இருக்கும். பழைய பிரதிகள் ஒவ்வொன்றாக அழிய அழிய, மே மாதத்துக்குள் அங்கே சுவடே இராது. பிரதி எடுக்கும் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் இல்லாத கோப்பு வேண்டாத கோப்பு என்றே அது கொள்ளும். முதலாளியோ தம்மிடம் இரண்டு டிஸ்கும் கம்ப்யூட்டரும் இருப்பதால் கணக்கு மூன்று இடத்தில் பத்திரம் என்று நம்புகிறார். உண்மையில் 'ஆ' ஒன்றுதான் மிச்சம். உப்புக்காற்றில் அது பழுதானால், பழைய பாக்கி எவ்வளவு என்பதற்குச் சாட்சி ஞாபகம் மட்டுமே. பணம் மட்டுமல்ல, பல்லாண்டு நட்பும் அங்கே முறியக்கூடும்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. தென் கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் அழிந்தது. அதிலிருந்தது 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளிப்பிரதி எடுக்கவில்லை என்று அதிகாரிகள் கூறினர்.

இந்த ஆபத்தைத் தவிர்க்கப் பெரிய நிறுவனங்கள் இரு வேலைகளையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. பிரதி எடுக்காத கோப்பை நகர்த்தக் கூடாது என்று கட்டளை இடும் வசதி ஐ.பி.எம். நிறுவனத்தின் சேமிப்பு மென்பொருளில் உண்டு. நகர்ந்த கோப்பின் இடத்தில் ஒரு சிறு அடையாளச் சீட்டு நிற்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். அதனால் பிரதி எடுக்கும் மென்பொருள் கோப்பு தொலைந்ததாகக் கருதாது. சீட்டு மட்டும் இருந்து கோப்பு அழிந்தால் பயனில்லை என்பதையும் மறக்கலாகாது.

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2021-22க்கு அந்த நாள் 2022 டிசம்பர் 31. ஆகவே 2028 டிசம்பர் 31 வரை அவை வேண்டும். மேல்முறையீடு போன்ற நடவடிக்கை இருந்தால் இன்னும் நீளலாம். விபத்தாலோ இயற்கையாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணுக் கணக்குக்குக் காப்புப் பிரதி வைக்க வேண்டும் என்கிறது 57-ஆவது விதி.

நாம் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இது:

1. கடை அடைத்து, பில் போடுவதை நிறுத்திய பிறகே தொடங்குவோம். பாதி நகர்ந்த கோப்பு இரு பக்கமும் முழுமையாக இராது.

2. முதலில் காப்புப் பிரதி. டாலி போன்ற மென்பொருளில் கணக்கை ஆண்டுவாரியாகப் பிரிக்கும் முன்பும், புதிய பதிப்புக்கு மாறும் முன்பும் இதுவே முதல் வேலை.

3. அந்தப் பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டு, திறந்து பார்ப்போம். ஐந்தொகையும் இரண்டு மூன்று பாக்கிதாரர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

4. பிறகு பழைய ஆண்டை 'ஆ' டிஸ்குக்கு நகல் செய்வோம். அங்கும் திறந்து சரிபார்ப்போம்.

5. 'ஆ'வுக்கே இன்னொரு பிரதி எடுப்போம். இது வாராந்தரச் சுழற்சியில் சேராது. 72 மாதமும் முடியும்வரை அழிக்க மாட்டோம்.

6. இவ்வளவும் முடிந்த பின்தான் கம்ப்யூட்டரில் உள்ளதை அழிக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த டிஸ்க், யாரிடம், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதுவோம். அதுவே நம் அடையாளச் சீட்டு.

இரு பிரதிகளும் ஒரே தெருவில் இருக்கலாகாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நொச்சிக்குப்பத்தில் புகுந்தது. 2015 டிசம்பரில் மழைவெள்ளம் சென்னையின் பல பகுதிகளை மூழ்கடித்தது. தண்ணீர் மூலம் எது, பிரதி எது என்று பார்ப்பதில்லை. ஒன்றை வெளியூர் உறவினர் வீட்டில் வைப்பது நலம். பிரதி எடுத்ததும் டிஸ்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடவும் வேண்டும். மாட்டியே இருந்தால் வைரஸ் அதையும் கெடுக்கும்.

பாடத்தின் முடிவில் நமக்கு நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். மூன்றாண்டுக்கு முந்தைய கணக்கு இன்று எத்தனை இடத்தில் இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? இன்றிரவு கடைக்குள் தண்ணீர் புகுந்தால், நாளை எந்த டிஸ்கைக் கொண்டு கடையை நடத்துவோம்? மூன்றுக்கும் பதில் இருந்தால் பழைய கணக்கை நகர்த்தலாம். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் முதலில் பிரதி எடுப்போம்.