காது கேட்டதை எழுதுவது

அன்புள்ள மருமகளுக்கு,

‘பம்பரம்’ என்ற சொல்லில் ‘ப’ இரண்டு இடத்தில் வருகிறது. எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. முதல் பகரத்தில் குரல்நாண் அதிர்வதில்லை. மகரத்தை ஒட்டி வரும் இரண்டாவதில் அதிர்கிறது. தொண்டையில் விரல் வைத்து ‘ம்ப’ என்று சொன்னால் அதிர்வு அறுபடாமல் ஓடுவது தெரியும். ஒரு குழந்தை அந்த இரண்டாவது பகரத்தையும் ‘கம்ப்யூட்டர்’ என்பதில் வருவதுபோல அதிர்வில்லாமல் சொன்னால் அது பிழை. ஆனால் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்பவரின் தாளில் ‘பம்பரம்’ என்றே இருக்கும். பிழை காணாமல் போய்விடும். பேச்சு சிகிச்சை படிப்பவர் ஒலிக்குறியீட்டைக் கற்க வேண்டியதன் காரணம் இதுவே.

அந்தக் குறியீடு ஐபிஏ. 1886இல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் தொடங்கிய சங்கம் 1888இல் வெளியிட்டது. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. ஓர் ஒலிக்கு ஒரு குறி என்பது அதன் அடிப்படை. அட்டவணையை மனப்பாடம் செய்பவர்கள் சீக்கிரம் மறக்கிறார்கள். குறியின் தர்க்கத்தைப் பிடிப்பவர்கள் மறப்பதில்லை. ழகரத்தின் குறி, தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ‘ஆர்’, அதன் காலில் வலப்பக்கம் வளைந்த ஒரு கொக்கி. ட, ண, ள ஆகியவற்றின் குறிகளிலும் அதே கொக்கி உண்டு. நாக்கு மேல்நோக்கி மடிகிறது என்பதே அதன் பொருள். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு, ஒலியை அது பிறக்கும் இடத்தால் வகுப்பது புதிதல்ல. குறைபாடுள்ள பேச்சில் மட்டும் வரும் ஒலிகளுக்காக 1990இல் விரிவாக்கக் குறிகளும் வெளிவந்தன.

மூன்றரை வயதுக் குழந்தை காக்காவைக் காட்டி ‘தாத்தா’ என்கிறது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். க போய் த வந்தது என்று சாய்கோடுகளுக்குள் எழுதினால் அது பருமட்டான பதிவு. சதுர அடைப்புக்குள் எழுதும் நுண்பதிவு இன்னும் கேட்கிறது: நாக்கு பல்லைத்தான் தொட்டதா, பல்லுக்கும் ககரம் பிறக்கும் இடத்துக்கும் நடுவில் எங்கோ தொட்டதா? அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தையாக இருந்தால் ககரம் வாயில் உருவாகாமல் குரல்வளையிலேயே அடைபட்டு, ‘ஆ-ஆ’ என்று வெட்டுப்பட்டு ஒலிக்கக்கூடும். முதல் குழந்தைக்குக் காக்கா, தாத்தா படங்களை அருகருகே வைத்து விளையாட்டாகவே வேறுபாட்டைக் கற்பிக்கலாம். அண்ணப்பிளவுக் குழந்தைக்கு அந்த விளையாட்டு போதாது. மூக்கின்கீழ் சிறு கண்ணாடி பிடித்துக் காற்று கசிகிறதா என்று பார்ப்பதும், அண்ணத்தை அறுவை மருத்துவரிடம் காட்டுவதும் முன்னால் வரவேண்டும். இரண்டு குழந்தைகளையும் ‘க சொல்ல வரவில்லை’ என்ற ஒரே வரியில் எழுதி வைத்தால் சிகிச்சை வழிதவறும்.

கேட்பதற்குப் பெரிய தடை, சொல் முன்பே தெரிந்திருப்பது. உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970இல் வெளியிட்ட சோதனையில், பதிவான வாக்கியத்தின் ஓர் ஒலியை வெட்டி அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் இல்லாத ஒலியைக் கேட்டதாகவே நினைத்தார்கள். தக்காளிப் படத்தைக் காட்டிவிட்டுக் காது கொடுப்பவருக்கும் இதே கதிதான். அதனால்தான் பயிற்சியில் பொருளில்லாச் சொற்களைச் சொல்லி எழுதவைக்கிறார்கள்: ‘ணேபுழி’, ‘ஙூடசெ’. தேர்வுக்கு முந்தைய இரவில் நான்கு மணிநேரம் உட்காருவதைவிட, தினம் கால்மணி நேரம் இதற்குப் பலன் தரும். கேட்ட ஒலியைத் தானும் சொல்லிப் பார்ப்பது பாதி வேலையை முடித்துவிடும். நாக்கு போன இடம் தெரிந்தால் குறி தானாக வரும்.

பதிவு செய்யும் கருவியும் கெடுக்கும். வாட்ஸ்அப் குரல்பதிவு ஒலியைச் சுருக்குவதால் சகரத்தின் மெல்லிய சீறல் மங்கிப்போகிறது. சுருக்காத ஒலிப்பதிவு நல்லது. உதடும் தெரியும் வீடியோ அதைவிட நல்லது. அதே பதிவை ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும். உடன் படிப்பவரின் தாளோடு முரண்படும் இடத்தில் பேரம் பேசாமல் இருவரும் திரும்பக் கேட்க வேண்டும். பேச்சுக் கோளாறு ஆய்வாளர்கள் ஷ்ரிபெர்க், க்வியாட்கோவ்ஸ்கி இருவரும் 1982இல் தந்த முறையில், சரியாக ஒலித்த மெய்களின் சதவீதத்தை வைத்தே கோளாறின் கடுமை மதிக்கப்படுகிறது. எழுதியது தவறென்றால் அந்த எண்ணும் தவறு.

பிழை எது, வழக்கு எது என்பதும் காதுக்கு வரும் சிக்கல். தென்மாவட்டங்களில் பலர் ‘வாளப்பளம்’ என்பார்கள். பழைய சென்னைப் பேச்சில் ‘வாயப்பயம்’. அது கோளாறு அன்று. குழந்தையின் ழகரத்தைப் பிழைப் பட்டியலில் சேர்க்குமுன் அம்மா, பாட்டி பேசுவதையும் ஐந்து நிமிடம் எழுதிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஒலி பிடிபடாத இடத்தை ஊகத்தால் நிரப்பக் கூடாது. விரிவாக்கக் குறிகளில் அதற்கென்றே ஒரு வட்டம் இருக்கிறது. உயிரொலி என்று மட்டும் தெரிந்தால் அதற்கான எழுத்தை வட்டத்துக்குள் போடலாம். அதுவும் தெரியாவிட்டால் வட்டத்தை வெறுமையாக விடலாம்.

அன்புடன்,
அத்தை