டிஸ்சார்ஜோடு முடிந்துவிடுமா? எடைக்குறைப்பு ஆபரேஷன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டில் ஒருவர் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘நல்லா இருக்கிற உடம்புல ஏன் கத்தி வைக்கணும், உசுரோட வெளையாட்டா?’ என்பது ஒரு கட்சி. ‘சின்னச் சின்ன ஓட்டைதான், மூணாம் நாள் வீட்டுக்கு வந்துடலாம்’ என்பது மறு கட்சி. எது நடந்தாலும் ஆபரேஷன் தியேட்டரோடு முடிந்துவிடும் என்று நினைப்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒற்றுமை.

கோளாறு அங்கேதான். இந்த அறுவையின் முக்கியமான சிக்கல்கள் பலவும் நோயாளி வீட்டுக்கு வந்த பிறகு தலைகாட்டுபவை. சில பத்தாம் நாளில், சில ஆறாவது வாரத்தில், சில ஐந்தாவது வருடத்தில். அநேகமாக எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது சர்ஜன் அல்ல. மனைவியோ, அம்மாவோ, தெருமுனை கிளினிக் டாக்டரோதான்.

நம் ஊரில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு வகை. ‘ஸ்லீவ்’ என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவிடுவார்கள். ‘பைபாஸ்’ என்பதில் இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் இணைப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும். இதில் வேறு சில மாற்று வடிவங்களும் உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் இந்தக் குடும்பமே அல்ல. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு வருகிற கேள்விகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

நம்பிக்கை: டேபிளிலேயே உயிர் போய்விடும்.

அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். பெரிய சிக்கல் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர் சொச்சம். அனுபவமுள்ள இடங்களில் பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய அளவுதான் ஆபத்து. ஆனால் இது சராசரி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர், இதயக் கோளாறு உள்ளவர், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர் ஆகியோரின் கணக்கு தனி.

2024-இல் சென்னைப் புறநகரில் இந்த அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்தபோது, ‘இந்த ஆபரேஷனே கூடாது’ என்ற பேச்சு எழுந்தது. எந்த மருத்துவமனையானாலும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் அங்கே ஐசியூ இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் வருவாரா, அதே ராத்திரியில் மறுபடி வயிற்றைத் திறக்க ஆள் உண்டா? இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

முதல் மாதத்தில் உயிருக்கு உலை வைக்கிறவற்றில் முக்கியமானது, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறுவது. அதற்காகத்தான் ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்கள். ரத்தக்கட்டி பெரும்பாலும் வருவது டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்பதால், சிலருக்கு வீட்டிலும் அந்த ஊசியைத் தொடரச் சொல்வார்கள். ‘பச்சை உடம்பு, படுத்தே இரு’ என்று பாசத்தோடு கட்டிலில் கிடத்துவது இங்கே எதிர்மாறான விளைவைத் தரும்.

நம்பிக்கை: தையல் விட்டால் வயிறு துடிதுடிக்க வலிக்கும், தெரியாமல் போகாது.

போகும். ஸ்டேப்ளர் போட்ட வரிசையில் எங்காவது விட்டுப்போய் இரைப்பைச் சாறு வயிற்றுக்குள் கசிவதுதான் சர்ஜன்கள் அதிகம் பயப்படும் சிக்கல். நல்ல இடங்களில் நூற்றுக்கு ஒருவருக்கு என்ற அளவில்தான் வருகிறது. ஸ்லீவில் இது பெரும்பாலும் உணவுக்குழாய் முடிகிற மேல்மூலையில், வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். பருத்த உடம்பில் வயிறு கல்லாக இறுகுவது போன்ற பாடப்புத்தக அறிகுறிகள் மறைந்துபோகும். முதலில் காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்பு. சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி ஓடுகிறது என்றால், வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதெல்லாம் ஆறுதல் ஆகாது. இடது தோளில் வலி, மேல்மூச்சு வாங்குவது, காரணமில்லாத படபடப்பு ஆகியவையும் சேரலாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கிறது. அதில் இரண்டு எண் தெரியும். எல்லோரும் 98, 99 என்று ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூடிவைத்துவிடுவார்கள். இங்கே பார்க்க வேண்டியது மற்ற எண். பிரஷருக்காக மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நாடி அடங்கியே இருக்கும். அவர்களுக்கு இந்த அளவுகோலை அப்படியே நம்ப முடியாது.

தோள் வலிக்கு ‘ஆபரேஷன்ல ஏத்தின கேஸ்’ என்ற பதில் தயாராக இருக்கும். அது உண்மைதான், ஆனால் கேஸ் வலி ஓரிரு நாளில் குறைந்துவிடும். குறைந்து, பிறகு ஐந்தாம் நாள் திரும்பி வருவது கேஸ் அல்ல.

கசிவு என்று சிடி ஸ்கேனில் தெரிந்தால் வைத்தியம் நோயாளியின் நிலையைப் பொறுத்தது. தளர்ந்துபோனவரை உடனே மறுபடி லேப்ராஸ்கோப்பிக்கு எடுத்து, வயிற்றைக் கழுவி, வடிகுழாய் வைத்து, குடலுக்கு நேரடியாக உணவு செலுத்தும் குழாயும் போடுவார்கள். நிலையாக இருப்பவருக்கு ஆன்டிபயாட்டிக், வெளியிலிருந்து ஊசி வழியாக வடிகட்டல், என்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட் அல்லது உள்வடிகால் குழாய் போதுமாக இருக்கலாம். ஆற வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில்.

நம்பிக்கை: வாந்தி சகஜம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதானால் இதைப் படியுங்கள். அவசரமாகத் தின்பது, மெல்லாமல் விழுங்குவது என்று வாந்திக்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு. ஸ்லீவ் குழாயின் நடுவளைவோ பைபாஸில் போட்ட இணைப்போ சுருங்கிப்போவதும் உண்டு. சுருக்கத்தை என்டோஸ்கோப்பியில் பலூன் வைத்து விரிக்கலாம், பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், வாந்தி நீடிக்கும்போது உடம்பில் வற்றிப்போகிற தயமின் என்கிற பி1 வைட்டமின். இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். ஏற்கெனவே கஞ்சித் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருக்கும் உடம்பில் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஸ்லீவானாலும் பைபாஸானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

பி1 தீர்ந்தால் மூளை அடிபடும். பார்வை இரட்டையாகும், கருவிழி ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி என்செபலோபதி என்று பெயர். தாமதித்தால் நினைவாற்றல் போனது போனதுதான். இந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் என்ன ஆகிறது என்றால், குளுக்கோஸை எரிக்கவே பி1 தேவை என்பதால், மிச்சம் மீதி இருப்பதும் செலவாகி நிலைமை மோசமாகும். உதவி செய்கிறோம் என்று நினைத்தே பாட்டிலைத் தொங்கவிடுவார்கள்.

நாள் கணக்கில் வாந்தி எடுக்கிறவருக்கு எங்கே டிரிப்ஸ் போட்டாலும், ‘எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், முதலில் தயமின் ஊசி போடுங்கள்’ என்று கூட வந்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விலை குறைந்த ஊசி; அனாவசியமாகப் போட்டாலும் கெடுதல் அபூர்வம். ‘டாக்டருக்கே சொல்லித் தர்றியா?’ என்று யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நம்பிக்கை: சத்து மாத்திரை ஆறு மாதம் போதும். ஸ்லீவ் என்றால் அதுவும் வேண்டாம்.

ஆயுளுக்கும் வேண்டும். பி12 உடலில் சேர வயிற்று அமிலமும், இரைப்பை சுரக்கிற ஒரு புரதமும் தேவை. இரண்டு ஆபரேஷனிலும் அவை குறைகின்றன. ஈரலில் பி12 கையிருப்பு வருடக்கணக்கில் இருக்கும் என்பதால், குறைபாடு வெளியே தெரிய இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். அதற்குள் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். பிறகு பாதம் மரத்துப்போகும், அதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவார்கள். நோயாளி சைவம், கூடவே மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார் என்றால் பி12 இறங்க மூன்று வழியும் திறந்திருக்கிறது. அளவு இறங்கியவர்களுக்கு மாதாந்திர ஊசி எளிய தீர்வு.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரும்புச்சத்துதான் முதல் கவலை. இரும்பு மாத்திரையைக் காபியோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்துப் போட்டால் பாதி வீண். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையில் ஏறாவிட்டால் இரும்பை நரம்பு வழியாக ஏற்றலாம். கால்சியத்தில் கார்பனேட்டைவிட சிட்ரேட் வகை நல்லது. அதை உறிஞ்ச அமிலம் தேவையில்லை.

புரதம் தினம் 60 கிராமாவது வேண்டும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் வயிற்றில், அந்த இரண்டும் இட்லியாகவே இருந்தால் நாலு கிராம் தேறினால் அதிகம். முட்டை, மீன், பருப்பு, பனீர், தயிர் முதலில், அரிசி கடைசியில் என்று தட்டின் வரிசையையே மாற்ற வேண்டியிருக்கிறது. மூன்றாவது மாதம் கொத்தாக முடி கொட்டுவதைப் பார்த்துக் கலங்குவார்கள். திடீர் எடை இழப்பால் வரும் அது பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரதம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை: ஆபரேஷன் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு, இந்த வயிற்று வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பைபாஸ் ஆனவருக்கு விட்டு விட்டு வரும் சுருட்டு வலி வந்தால், வேறு எதையும் நினைக்கும் முன் உள்குடலிறக்கத்தை நினைக்க வேண்டும். எடை இறங்கும்போது குடலைத் தாங்கும் சவ்வின் கொழுப்பும் கரைந்து, அங்கே இருக்கிற இடைவெளி அகலமாகிறது. அதில் குடல் புகுந்து முறுக்கிக்கொள்ளும், பிறகு தானாக விடுபடும், ஒரு நாள் விடுபடாமல் அழுகும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஸ்கேன் சுத்தமாகத்தான் இருக்கும். சந்தேகம் வலுத்தால் ஸ்கேன் சரியாக இருந்தாலும் லேப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்த்துவிடுவதுதான் முறை. கர்ப்பிணிக்கு என்றால் இன்னும் அவசரம்.

இன்னொன்று பைபாஸ் இணைப்பில் வரும் அல்சர். பல வருடம் பாரம் சுமந்த முட்டி, எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் டைக்ளோஃபினாக் கொடுத்துவிடுவார்கள். அந்த வகை வலி மாத்திரையும் சிகரெட்டும்தான் இந்த அல்சருக்கு உரம். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. முதல் வருடத்தில் பித்தக்கல்லும் வரலாம். வேகமாக இளைப்பவர்களுக்கு அது வழக்கம் என்பதால்தான் ஆறு மாதத்துக்கு உர்சோடியாக்சிகோலிக் மாத்திரை எழுதுகிறார்கள்.

நம்பிக்கை: பாயசம் குடித்ததும் மயக்கமா? சுகர் இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் இனிப்பு கொடு.

குடித்த அரை மணிக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு கடகடத்தால் அது இனிப்பு குடலுக்குள் திடுமென்று கொட்டியதால் வருவது. படுத்தால் சரியாகும், சர்க்கரை தேவையில்லை. ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வந்தால் நிஜமாகவே சர்க்கரை இறங்கியிருக்கலாம். குளுக்கோமீட்டரில் பார்த்து, இறங்கியிருந்தால் சிறிதளவு சர்க்கரையும் உடனே கொஞ்சம் புரதமும் கொடுக்க வேண்டும். அடிக்கடி வந்தால் இனிப்பை விலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே பெரும்பாலோருக்கு அடங்கும். அடங்காதவர்களுக்கு அகார்போஸ் மாத்திரை உதவும்.

இதே காரணத்தால் கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் ஆன பெண்ணுக்கு அந்தக் கரைசல் ஆகாது. ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்திப் பார்ப்பது மாற்று வழி. கருத்தரிப்பதையே ஆபரேஷன் முடிந்து ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பிசிஓடியால் வருடக்கணக்கில் குழந்தை இல்லாதவர்களுக்கு எடை இறங்கியதும் சட்டென்று கரு நிற்பது உண்டு. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை முழுதாக உடம்பில் சேரும் என்றும் சொல்ல முடியாது. அதனால் காப்பர்-டி போன்ற வேறு வழிதான் பத்திரம்.

நம்பிக்கை: எடை திரும்பினால் ஆபரேஷன் தோல்வி, மறுபடி ஒன்று செய்துவிடலாம்.

இரண்டாம் வருடத்துக்குப் பிறகு இழந்ததில் கொஞ்சம் திரும்புவது பெரும்பாலோருக்கு நடப்பது. நிறையத் திரும்பினால் முதலில் என்டோஸ்கோப்பியில் இரைப்பையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டையும் மதுவையும் விசாரிப்பார்கள். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறுகிறது. இரண்டாம் வருடத்திலிருந்து குடிப்பழக்கம் பிடித்துக்கொள்ளும் அபாயமும் கூடுகிறது. மறுபடி கத்தி வைக்கும் முன் யோசிக்க, எடையைக் குறைக்கும் செமாக்ளுடைட் வகை ஊசிகள் இப்போது இங்கேயும் வந்துவிட்டன. மறு அறுவையில் சிக்கல் விகிதம் முதலாவதைவிட அதிகம். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு அடங்காமல் போய் பைபாஸாக மாற்றுவது போன்ற தெளிவான காரணம் இருந்தால் அது வேறு கதை.

எடை ஏறியவர்கள் பெரும்பாலும் செய்வது, கூச்சப்பட்டு சர்ஜனைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவது. எடை மெஷினோடு சேர்ந்து வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் அங்கேயே நின்றுபோகிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி ஊரில் இருக்கும் எந்தப் பொது மருத்துவரும் எழுதித் தருவார். அதற்கு மெஷினில் ஏறிக் காட்ட வேண்டியதில்லை.