கொட்டகைச் செலவை மதிப்பிடச் செயற்கை நுண்ணறிவு

மாட்டுக் கொட்டகையோ சேமிப்புக் கிடங்கோ கட்டத் தொடங்கி, சுவர் எழும்பிய பின் பணம் தீர்ந்து, கூரையின்றி நிற்கும் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். மதிப்பீடு குறைவாகப் போடப்பட்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்தக் குறையை ஈடுகட்ட வட்டிக்கு வாங்கும் கடன், மாடு தரும் வருவாயைத் தின்றுவிடும்.

இப்போது கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழிலேயே கேட்டு மதிப்பீடு பெறலாம். அதைப் பயன்படுத்தும் முறையை அறிந்துகொள்வது நலம்.

கருவி எவ்வாறு கணிக்கிறது?

களத்தில் குவிந்த நெல்லைப் பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லும் பெரியவர்கள் ஊர்தோறும் உண்டு. பல ஆண்டுகள் பார்த்த பழக்கமே அதற்கு அடிப்படை. அதுபோல, இக்கருவியும் முன்பு எழுதப்பட்ட ஏராளமான செய்திகளில் பயின்று விடை கூறுகிறது. உங்கள் ஊர்க் கடையின் இன்றைய விலையை அது தானாக அறியாது. ஆயினும், தெரிந்ததுபோலவே உறுதியாகச் சொல்லும்.

ஏமாற்றம் வரும் இடங்கள்

1. அளவு: புதுவையில் ஒரு குழி 576 சதுர அடி, தஞ்சைப் பகுதியில் 144 சதுர அடி. ஆகவே குழிக்கணக்கு வேண்டாம். அடி, அங்குலத்தில் கூறுங்கள். மணல், ஜல்லி விற்கும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கருவி அதை ஒரு கன மீட்டர் (35.3 கன அடி) என்று கொண்டால் மணல் செலவு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும்.

2. வரி: சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 22.9.2025 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் பயின்ற கருவி பழைய வரியையே போடக்கூடும்.

3. ஊர்: மத்தியப் பொதுப்பணித்துறையின் டெல்லி விலைப்பட்டியல் டெல்லி விலைகளைக் கொண்டது. அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தலாகாது.

கையால் ஒரு கணக்கு

ஐந்து கறவை மாடுகளுக்கு 20 அடி நீளம், 15 அடி அகலத்தில் கொட்டகை போடுவதாகக் கொள்வோம். தரைக்கு 4 அங்குலக் கனத்தில் 1:2:4 கான்கிரீட் இட வேண்டும்.

பரப்பு 20 x 15 = 300 சதுர அடி. 4 அங்குலம் என்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கான்கிரீட் 100 கன அடி. இதற்குச் சிமென்ட் சுமார் 18 மூட்டை, மணல் 44 கன அடி, ஜல்லி 88 கன அடி தேவை.

இதே கேள்வியைக் கருவியிடம் கேளுங்கள். விடை இதற்கு நெருங்கி வந்தால் மற்ற இனங்களையும் கேட்கலாம். வெகுவாக மாறுபட்டால் அளவுகளைத் திருத்திக் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

• மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். வானம் தோண்டுதல், கடைக்கால், சுவர், தரை, கூரை, தொட்டி, கழிவுநீர் வாய்க்கால் என இனவாரியாக அளவு கேளுங்கள்.

• சிமென்ட், செங்கல், மணல், ஜல்லி, கம்பி ஆகியவற்றின் விலையையும் கொத்தனார், சித்தாள் கூலியையும் உள்ளூரில் விசாரித்து நீங்களே கொடுங்கள். வண்டி வாடகையை மறவாதீர்கள்.

• எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு 5 வீதம் சேருங்கள்.

• கிடைத்த பட்டியலை அனுபவமுள்ள கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ காட்டிய பின்னரே கடனுக்கு விண்ணப்பியுங்கள்.

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு விளைபொருளைக் கொண்டு செல்லும்போது, கண்மதிப்பை நம்பி யாரும் பணம் வாங்குவதில்லை. தராசில் எடை பார்க்கிறோம். கருவி சொல்வதும் கண்மதிப்பே. பெருக்கலையும் கூட்டலையும் அதனிடம் விடுங்கள். அளவுகோலும் விலையும் உங்கள் கையில் இருக்கட்டும்.