மாடியில் குளிர், பேஸ்மென்டில் வெக்கை

ஒன்ராறியோவில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்டில் ஒரு ஃபர்னஸ் இருக்கும். அது தகரக் குழாய்கள் வழியே சூடான காற்றை அறைக்கு அறை தள்ளும். கோடையில் அதே குழாய்களில் ஏசியின் குளிர்காற்று ஓடும். ஜனவரி வந்தால் மேல்மாடியில் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு இருந்து படிப்பார்கள். கீழே ஆளில்லாத பேஸ்மென்டில் வெக்கை. பழி உடனே ஃபர்னஸ் மேல் விழும். “இது காணாது, பெரிசாப் போடுங்கோ” என்று ஆலோசனையும் வரும்.

ஆனால் பல வேளைகளில் குற்றவாளி ஒழுகும் குழாய்தான். பெரிய ஃபர்னஸ் என்றால் பெரிய விசிறி. ஒழுகும் குழாய்க்குள் இன்னும் வேகமாகக் காற்றை அடைத்தால் ஒழுக்கும் கூடும். ஒழுக்கை அடைப்பது என்ற, சில நூறு டாலருக்குள் முடிகிற வேலையைத் தொடாமல் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன.

“ஒழுகினாலும் வீட்டுக்குள்தானே ஒழுகுகிறது?”

இது பாதி உண்மை. அதனால்தான் அசைக்க முடியாமல் நிற்கிறது. குழாய்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஒழுக்கிலும் கழன்ற இணைப்புகளிலும் போய்விடுவதாக அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்கிறது. இந்த எண்ணைக் காட்டி உங்கள் காஸ் பில்லும் 30 சதவீதம் குறையும் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். டெக்சாஸிலும் புளோரிடாவிலும் குழாய்கள் அட்டிக்கில் ஓடுகின்றன. கோடையில் அங்கே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே ஒழுகிய குளிர்காற்று போனது போனதுதான். ரொறன்ரோ வீட்டின் பேஸ்மென்டில் ஒழுகும் வெப்பம் அப்படி உடனே வெளியேறிவிடுவதில்லை.

ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது சேரவில்லையே. ஃபர்னஸின் வாயருகே குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அங்குள்ள ஒரு சிறு இடைவெளி கோடியில் உள்ள பெரிய ஓட்டையைவிட அதிகம் கக்கும். மிச்சம்தான் மாடிக்கு ஏறும். மாடி குளிர்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கூட்டுவீர்கள். கீழே இன்னும் வேகும். நட்டம் அந்த வழியாகத்தான் பில்லுக்கு வருகிறது.

கராஜுக்கு மேலே படுக்கையறை உள்ள வீடுகளில் அந்தப் பாதி உண்மையும் இல்லை. அந்த அறைக்குப் போகும் குழாய் கராஜின் கூரைக்குள் படுத்திருக்கிறது. அங்கே ஒழுகினால் அது வெளியே போன மாதிரியேதான்.

“காற்று வெளியே வந்தால்தான் ஒழுக்கு”

எனக்கு எல்லாவற்றிலும் கவலை தருவது இதுதான். அறைகளுக்குக் காற்றைத் தள்ளும் சப்ளைக் குழாய் ஒரு பக்கம். அறைகளிலிருந்து காற்றைத் திரும்ப ஃபர்னஸுக்கு இழுக்கும் ரிட்டர்ன் இன்னொரு பக்கம். ரிட்டர்னில் ஓட்டை இருந்தால் கையில் காற்று படாது. அது சத்தமில்லாமல் உறிஞ்சும். பேஸ்மென்டின் ஈரவாடை, பெயின்ட் டின்னின் நெடி, உலர்த்தியின் பஞ்சுத்தூசி எல்லாம் உள்ளே போகும். ஓட்டை ஃபில்டருக்கும் விசிறிக்கும் நடுவில் இருந்தால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும்.

பழைய வீடுகளில் ரிட்டர்ன் முழுக் குழாயாகவே இருக்காது. தரையைத் தாங்கும் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு தகட்டை அடித்து, அந்த இடைவெளியையே குழாயாக்கியிருப்பார்கள். தகட்டின் விளிம்பு நெடுகக் கீறல்.

வாடையும் தூசியும் தொல்லை, அவ்வளவுதான். ஆபத்து வேறிடத்தில். ஃபர்னஸ் நிற்கும் சின்ன அறையிலிருந்து ரிட்டர்ன் ஓயாமல் உறிஞ்சினால் அந்த அறையில் அழுத்தம் குறையும். பக்கத்தில் புகைபோக்கியை நம்பி எரியும் காஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், மேலே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பும். அதில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். காஸ் எரியும் வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டும் என்ற விதி ஒன்ராறியோவில் 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒழுக்கை அடைக்கும் வேலையை ரிட்டர்ன் பக்கத்திலிருந்து, அதுவும் ஃபர்னஸுக்கு மிக அருகிலிருந்து, தொடங்கச் சொல்வது இந்த ஆபத்தினால்தான்.

“அந்தத் திறந்த குழாயால்தான் குளிர் வருகிறது, அடைத்துவிடலாம்”

வெளிச்சுவரிலிருந்து வந்து, ஃபர்னஸுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தொங்கும் ஒரு குழாய் பல பேஸ்மென்டுகளில் உண்டு. குளிர்காலத்தில் அதில் பனிக்காற்று இறங்கும். பழைய துணியைத் திணித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒழுக்கு அல்ல. காஸ் தீ எரிவதற்கான காற்று வரும் வழி. புதிய ஃபர்னஸ் தனக்கென்று தனிப் பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தாலும், பக்கத்தில் உள்ள வாட்டர் ஹீட்டருக்கு அந்தத் திறந்த வாய் தேவைப்படலாம். துணியை எடுத்துவிடுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ-யின் சான்று பெற்ற காஸ் டெக்னீஷியன் சொல்லட்டும்.

“டக்ட் டேப் ஒட்டினால் போதும்”

சாம்பல் நிறத் துணி டேப்புக்கு ஆயிரம் உபயோகம் உண்டு; இது அதில் இல்லை. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை டேப்புகளையும் பூச்சுகளையும் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வதைத்துப் பார்த்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவை தாக்குப்பிடித்தன. ரப்பர் பசை தடவிய துணி டேப் மட்டும் தொடர்ந்து தோற்றது. சூட்டில் பசை காய்ந்து விறைக்கும், டேப் சுருங்கும், ஓரம் கிளம்பும். அதன் மேல் புதுசாக இன்னொரு சுற்று ஒட்டுவதால் பயனில்லை.

உதவுவது மாஸ்டிக். சின்ன வாளியில் விற்கும் பூச்சு. இட்லி மாவுப் பதத்தில் இருக்கும். இணைப்பைத் துடைத்து, மட்டமான பிரஷ்ஷால் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு, கீறலுக்கு இரு பக்கமும் படியும்படி பூசினால் காய்ந்தபின் ரப்பர்போல் நின்றுவிடும். கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி என்றால் முதலில் கண்ணாடி இழை வலையை ஒட்டி அதன் மேல் பூசவும். ஆடும் இணைப்பைப் பூசிப் பயனில்லை. திருகாணி போட்டு இறுக்கிவிட்டுப் பூசுங்கள். துணி உலர்த்தியின் குழாயில் மட்டும் உள்ளே நீட்டும் திருகாணி வேண்டாம், பஞ்சு அதில் சிக்கித் தீப்பிடிக்கும். ஃபில்டர் வாசல்போல அடிக்கடி திறக்கும் இடங்களுக்கு யூஎல் 181 என்று அச்சிட்ட அலுமினியத் தாள் டேப் சரி. தகர விளிம்பு கத்திக்குச் சமம், கையுறை போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டின் குழாய் இணைப்புகளில் வெள்ளைக் காகிதம்போல் ஏதாவது ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், சுரண்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தெரிந்தவரைக் கொண்டு பரிசோதித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

“ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டும்”

அளக்கத்தான் மெஷின் வேண்டும். எல்லா வென்டுகளையும் மூடி ஒட்டி, குழாய்க்குள் 25 பாஸ்கல் அழுத்தத்தை ஏற்றி, அதைக் காப்பதற்கு எவ்வளவு காற்று தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். தேடுவதற்குச் சாமியறை ஊதுபத்தி போதும். தெர்மோஸ்டாட்டில் விசிறியை மட்டும் ஓட விடுங்கள். சூடாக்கல் வேண்டாம். இணைப்புகள் நெடுக ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். சப்ளையில் புகை தள்ளப்படும், ரிட்டர்னில் உள்ளே வளையும். அங்கேயே பென்சிலால் ஒரு வட்டம். மர ஓரங்களிலோ பஞ்சு உறையிலோ கறுப்புத் தூசிக் கோடு படிந்திருந்தால் அதுவும் காற்று நெடுநாள் ஓடிய தடம். தரை வென்டின் மூடியைத் தூக்கிப் பாருங்கள்; தகரப் பெட்டிக்கும் தரைப்பலகைக்கும் நடுவே விரல் போகும் அளவு இடைவெளி இருப்பது சாதாரணம்.

“ஆள் இல்லாத அறையின் வென்டை மூடினால் மிச்சம்” என்பதும் வீண். விசிறிக்கு அது தெரியாது. குழாய்க்குள் அழுத்தம் ஏறி, மற்ற ஒழுக்குகள் கூடும். இதே இயன் வாக்கர் 2003-இல் இதையும் சோதித்து, மிச்சம் இல்லை என்றார். சாப்பாட்டு நேரம் பார்த்துத் தொலைபேசியில் வரும் டக்ட் கிளீனிங் அழைப்பைப் பற்றிச் சுருக்கமாக: கனடாவின் வீட்டுவசதி நிறுவனமான சிஎம்எச்சி ஆராய்ந்ததில், சுத்தம் செய்த பின் வீட்டுக் காற்றின் தூசியிலோ குழாயின் காற்றோட்டத்திலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. தூசியை உறிஞ்சி எடுப்பதால் ஓட்டை அடைபடாது.

பேஸ்மென்டைக் கட்டி வாடகைக்கு விட்டவர்கள், குழாயெல்லாம் கூரைப்பலகைக்கு மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். முடியும். பிசின் துகளைக் காற்றோடு குழாய்க்குள் அனுப்பினால் அது ஓட்டைகளின் விளிம்பில் படிந்து படிந்து அடைக்கும். மார்க் மொடெரா 1990-களில் அதே பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கிய முறை இது. இப்போது ஏரோசீல் என்ற பெயரில் கிடைக்கிறது. முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்கள். விலை அதிகம். கழன்று விழுந்த குழாயை இது பூட்டாது. கைக்கு எட்டும் இடங்களையெல்லாம் பூசிப் பார்த்தும் மாடி குளிர்ந்தால்தான் இந்தப் பக்கம் போகலாம்.

பூசி முடித்து, டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்தபின் ஒரு சோதனை பாக்கி. ஜன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடி, சமையலறை, குளியலறை விசிறிகளையும் உலர்த்தியையும் ஃபர்னஸ் விசிறியையும் ஒன்றாக ஓட விடுங்கள். வாட்டர் ஹீட்டர் எரியத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து, அதன் தலையில் புகைக்குழாய் தொடங்கும் இடைவெளியருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே போக வேண்டும். அறைப்பக்கம் திரும்பினால் ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, காஸ் டெக்னீஷியனை அன்றைக்கே கூப்பிடுங்கள்.