தெளிந்த நீரும் தூய நீரும்

கேள்வி: மண்டைதீவைச் சூழ்ந்த பரவைக்கடலில் விடுமுறை நாள்களில் சிறுவர்களும் இளைஞர்களும் குளிக்கின்றனர். அடி தெரியுமளவுக்குத் தண்ணீர் தெளிவாகவே உள்ளது. அது குளிப்பதற்கு உகந்ததா என்பதை எவ்வாறு அறியலாம்? கிணற்று நீருக்குச் செய்யும் பரிசோதனையே இதற்கும் போதுமா?
— வாசகர், மண்டைதீவு

பதில்: நீரின் தெளிவு அதில் மிதக்கும் மண்துகள்களைப் பற்றி மட்டுமே கூறும்; வயிற்றோட்டத்தையும் காதுக் குத்தையும் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தெளிந்த நீரிலும் இருக்கக்கூடும். அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை என்பதால், மனிதரினதும் விலங்குகளினதும் குடலில் பெருந்தொகையாக வாழ்ந்து மலத்துடன் வெளியேறும் பற்றீரியாக்களை எண்ணி, நீரில் மலக்கழிவு கலந்துள்ளதா என மதிப்பிடுகின்றனர். இவை சுட்டி உயிரிகள் எனப்படும்.

கிணற்று நீருக்குப் பார்க்கப்படும் ஈ.கோலை, உவர்நீரிலும் கடும் வெயிலிலும் விரைவாக மடிந்துவிடுவதால், பரவைக்கடலில் அதன் எண்ணிக்கை குறைவாக இருப்பதை வைத்து நிம்மதி கொள்ள முடியாது. உப்பில் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் எண்டரோகொக்கை என்னும் கோளவடிவப் பற்றீரியாவே இங்கு பொருத்தமான சுட்டி. பிரித்தானியாவின் நான்கு கடற்கரைகளில் 1989 முதல் 1992 வரை நடந்த ஆய்வுகளில், 100 மில்லிலீற்றர் நீரில் இவ்வகைப் பற்றீரியாக்கள் 32ஐத் தாண்டியபோது குளித்தவர்களிடையே வயிற்றுக்கோளாறு அதிகரித்தது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரிகள் 40க்கு மேற்படாத நீர் முதற்தரமாகவும், அவ்வளவு 500ஐத் தாண்டும் நீர் மிக மோசமானதாகவும் வகுக்கப்பட்டுள்ளன.

எண்ணிக்கை நம்பத்தக்கதாக அமைவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் கையைப் பொறுத்தது. கிருமி நீக்கிய போத்தலை, குளிப்போர் நிற்குமிடத்தில், இடுப்பளவு நீரில், வாய் கீழ்நோக்க அமிழ்த்தி, ஏறத்தாழ ஒரு முழ ஆழத்தில் நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்ப வேண்டும்; எடுப்பவர் கலக்கிய சேறு உட்புகலாகாது. பின்னர் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, ஆறு மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். வெயில் ஏறியபின் பற்றீரியாக்கள் குறைந்துவிடுவதால், நண்பகலில் மட்டும் எடுத்த மாதிரி நீரை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும்.

ஆய்வுகூடத்தில் நுண்துளைச் சவ்வினூடாக நீரை வடித்து, அச்சவ்வைச் சத்தூட்டிய ஊடகத்தில் வைத்து வளர்க்கும்போது, ஒவ்வொரு பற்றீரியாவும் கண்ணால் எண்ணத்தக்க ஒரு புள்ளியாகப் பெருகும். இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் செல்வதால், கிடைக்கும் முடிவு எப்போதும் நேற்றைய நீரைப் பற்றியதே. ஆகவே ஒற்றைச் சோதனையைவிட, பருவம் முழுவதும் தொடர்ந்து எடுக்கும் மாதிரிகளும், கழிவு வந்து சேரும் வழிகளை நேரில் நடந்து பார்க்கும் ஆய்வும் முக்கியமானவை.

மண்டைதீவில் அவ்வழிகள் தெளிவானவை. ஆழமற்ற இப்பரவைக்கடலில் வற்றுப்பெருக்கு சிறிதாகவும், தீவை யாழ்ப்பாண நகரோடு இணைக்கும் பண்ணைத் தாம்போதி நீரோட்டத்தைப் பாலங்களின் வழியே ஒடுக்குவதாகவும் இருப்பதால், கலந்த அழுக்கு விரைவில் அகல்வதில்லை. தீவகத்தின் மணலும் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லும் மலசலகூடக் குழிகளின் கசிவை நன்கு வடிகட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது அக்கசிவும், வெள்ளத்தோடு கால்நடைச் சாணமும் கடலை அடையும்; பெருமழைக்குப் பின் இரண்டு நாள்களாவது குளிக்காதிருத்தல் நன்று.

2025 செப்டெம்பரில் இத்தீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருப்பதால் இக்கேள்வி இன்னும் அவசரமாகிறது. மக்கள் திரளாக வரத் தொடங்கியபின் எடுக்கும் அளவீடு, முன்னைய நிலை தெரியாதவிடத்து எதனோடும் ஒப்பிட முடியாததாகிவிடும். வாசகர்கள் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் வேலணைப் பிரதேச சபையிடமும் எழுத்து மூலம் கோர வேண்டியது, கோடையிலும் மாரியிலும் மாதந்தோறும், குளிக்கும் துறையிலும் தாம்போதியருகிலும் குடியிருப்பை அடுத்த கரையிலும் எண்டரோகொக்கைச் சோதனை நடத்தி, முடிவைத் துறையிலேயே பலகையில் எழுதிவைப்பதாகும்.