மழை ஓய்ந்தாலும் மலை சரியும்

ஜெராம், கோல சிலாங்கூர் பக்கம் வளர்ந்த நமக்கு வெள்ளம் தெரியும்; நிலச்சரிவு தெரியாது. செம்பனைத் தோட்டத்திலிருந்து கடல் வரை நிலம் தட்டையாகவே கிடக்கிறது. ஆனால் பள்ளி விடுமுறை வந்துவிட்டால், உலு யாம், பத்தாங் காலி, கோல குபு பாரு என்று மலையடிவாரத்தில் கூடாரம் போடக் கிளம்புகிறோம். போகும் முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2022 டிசம்பர் 16, விடிவதற்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலையின் கரை சரிந்து, கீழே ஒரு பண்ணையில் இருந்த கூடாரங்களின்மேல் விழுந்தது. தூக்கத்திலிருந்த 90க்கும் மேற்பட்டோர் சிக்கினர். குழந்தைகள் உட்பட 31 பேர் இறந்தனர். கடைசி உடல் டிசம்பர் 24ஆம் தேதிதான் கிடைத்தது. சரிந்த மண் ஏறத்தாழ 450,000 கன மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். ஒரு லோரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 45,000 லோரி மண்.

அன்றிரவு அப்படியொன்றும் பேய்மழை இல்லையே என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆய்வு செய்தவர்கள் பார்த்தது அன்றைய மழையை மட்டும் அல்ல. அதற்கு முந்தைய நாள்களின் மழையையும்தான். முப்பது நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 400 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 16 லட்சம் லிட்டர். ஒரு பகுதி ஓடிவிடும். மீதி மண்ணுக்குள் இறங்கும்.

இறங்கிய தண்ணீர் என்ன செய்கிறது? கடற்கரையில் மணல்வீடு கட்டிய பிள்ளைகளுக்கு விடை பாதி தெரியும். காய்ந்த மணலைக் குவித்தால் சரிவு 34 பாகையைத் தாண்டாது. சற்று ஈரமாக்கினால் சுவர்போல நிற்கும்; மணிகளுக்கு இடையே இருக்கும் நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. இன்னும் ஊற்றுங்கள். இடைவெளிகள் நிரம்பியதும் அந்தப் பிடி போய்விடும். உள்ளே சேர்ந்த நீரின் அழுத்தம் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்கும். சுவர் குழைந்து விழும்.

தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் பல இடங்களில் மிக ஆழம் வரை சிதைந்து மண்ணாகியிருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு நீர் இறங்க நாள்கள் ஆகும். அதனால் மேலே வெயில் அடிக்கும்போதும் உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டிருக்கலாம்.

பனிமலையிலும் ஏறக்குறைய இதே கதைதான். பழைய பனியில் ஒரு பலவீனமான அடுக்கு. அதன்மேல் புதுப்பனியின் பாரம். சரிவு 30 முதல் 45 பாகை. இவை சேர்ந்தால் ஒரு மனிதர் நடந்த அதிர்விலேயே முழுப் பலகையும் பெயர்ந்து வரும். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தனர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். குளிர்நாட்டு மலைப்பயணிகள் புறப்படும் முன் கடந்த சில நாள்களின் பனியளவைப் பார்க்கிறார்கள். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியை உடம்பில் கட்டிக்கொள்கிறார்கள். பனிக்குள் கொஞ்சம் காற்று இருப்பதால் முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஈரமண்ணில் அந்தக் காற்றும் இல்லை. ஆகவே நமக்கு இடத்தேர்வுதான் எல்லாம்.

கூடாரம் போடும் இடத்தில் நின்று கையை முன்னால் நேராக நீட்டி, விரல்களை மடக்குங்கள். அந்தக் கைமுட்டியின் அகலம் கண்ணுக்குச் சுமார் பத்துப் பாகை. கண் மட்டத்திலிருந்து முட்டிமேல் முட்டி வைத்து எண்ணுங்கள். எதிரே உள்ள சரிவின் உச்சி இரண்டு முட்டிக்கு மேல் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். இது தோராயமான அளவுதான். ஓடைப் பள்ளத்தில் இறங்கும் சேறு இதையும் தாண்டி ஓடும் என்பதால் பள்ளத்தின் வாயில் ஒருபோதும் படுக்காதீர்கள். இயற்கை மலையை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பத்தாங் காலியில் சரிந்தது சாலைக்கரை. தலைக்கு மேலே சாலை போகிறதா என்று பாருங்கள்.

சரிவில் புது விரிசல், சாய்ந்த மரம், நேற்று இல்லாத ஊற்று, திடீரெனக் கலங்கிய ஓடை: இதில் ஒன்றைக் கண்டாலும் சாமான்களைக் கட்ட நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு நகருங்கள். ஓடையில் இலையும் சுள்ளியுமாக மிதந்து வந்தால் மேலே வேறெங்கோ பெய்த மழையின் கெப்பாலா ஆயர் வந்துகொண்டிருக்கலாம். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும்.